என்ட்விசிலிடம் பேஸ் கற்க வேண்டுமென்றால் முதலில் மற்ற மூவரையும் கேளுங்கள்

பேஸ் கிட்டார் பற்றி இணையத்தில் தேடத் தொடங்கும் யாருக்கும் சீக்கிரமே அந்த வீடியோ கண்ணில் பட்டுவிடும். இங்கிலாந்தின் தி ஹூ குழு 1978 மே மாதம் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' வாசித்தபோது பதிவானது, அதிலிருந்து பேஸ் ஒலியை மட்டும் தனியே பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஜான் என்ட்விசில் மேடையின் ஓரத்தில் ஆடாமல் அசையாமல் நிற்கிறார். விரல்கள் மட்டும் கம்பிகள் மேல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வருகிற சத்தமோ பேஸ், கிட்டார், பியானோ மூன்றையும் ஒரே ஆள் வாசிப்பது போல இருக்கிறது.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பேஸ் வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது வேறு: கிக் டிரம்மோடு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சேர்ந்து போ, கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின்) முதல் சுரத்தைப் பிடி, பாடகருக்குக் குறுக்கே வராதே. இந்த மனிதர் மூன்றையும் மீறுகிற மாதிரி தெரிகிறது, ஆனாலும் ராக் இசையின் மிகச் சிறந்த பேஸிஸ்ட்களில் ஒருவர் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அப்படியென்றால் வகுப்பில் சொன்னது தப்பா, இல்லை இவர் ஒரு விதிவிலக்கா?

இரண்டும் இல்லை. அவர் என்ன வாசித்தார் என்பதை மட்டும் கேட்டால் இது பிடிபடாது. அந்தக் குழுவில் யார் எதை வாசிக்காமல் விட்டார்கள் என்று சேர்த்துப் பார்த்தால்தான் அவர் கைவிரல்கள் ஏன் அங்கெல்லாம் போயின என்று புரியும்.

பேஸின் வேலை என்ன?

நான்கு கம்பி பேஸில் தடிமனான கம்பி ஈ, அப்புறம் ஏ, டி, ஜி. சாதாரண கிட்டாரின் கீழ் நான்கு கம்பிகளும் இதே சுரங்கள்தான், பேஸ் அவற்றுக்கு ஒரு ஸ்தாயி கீழே. கிட்டாரின் கீழ் ஈ ஒரு நொடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது, பேஸின் கீழ் ஈ சுமார் 41 முறை.

இவ்வளவு கீழே இருப்பதால் பேஸுக்கு இரண்டு பொறுப்புகள் வந்து சேர்கின்றன. ஒன்று, எந்தக் கார்டு ஒலிக்கிறது என்று காது முடிவு செய்வது பெரும்பாலும் அடியில் இருக்கும் சுரத்தை வைத்துத்தான். கிட்டாரிஸ்ட் சி கார்டு வாசிக்கும்போது பேஸிஸ்ட் ஏ வாசித்தால் கேட்பவருக்கு அது ஏ மைனர் குடும்பத்துக் கார்டாக மாறிவிடும். இன்னொன்று தாளம். கிக் டிரம்மின் அடியும் பேஸின் சுரமும் ஒரே நேரத்தில் விழுந்தால் அது ஒரே சத்தமாகக் காதில் ஏறும், கொஞ்சம் தள்ளி விழுந்தால் குழுவே தடுமாறுவது போலத் தோன்றும்.

எண்பதுகளின் இளையராஜா பாடல்களைக் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு மூன்றாவது ஒரு வேலையும் தெரிந்திருக்கும். பாடகரின் மெட்டுக்குப் பக்கத்திலேயே பேஸ் தனக்கென்று இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டு போவது. என்ட்விசில் இந்த மூன்றாவது வேலையைத்தான் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோனார்.

தி ஹூவில் யார் எதைச் செய்யவில்லை

நான்கு பேர் குழு. ரோஜர் டால்ட்ரி பாடகர், பீட் டவுன்ஷெண்ட் கிட்டார், கீத் மூன் டிரம்ஸ், என்ட்விசில் பேஸ். மேடையில் வாத்தியம் வாசிப்பவர்கள் மூவர் மட்டும்தான், இரண்டாவது கிட்டார் கிடையாது.

1. டவுன்ஷெண்ட் அதிகம் தனி வாசிப்பவர் இல்லை. அவருடைய பலம் கார்டுகளில் இருந்தது: கையைச் சுழற்றி ஒரு பெரிய கார்டை அடித்து அதை ஒலிக்க விட்டுவிடுவார். அந்தக் காலத்து ராக் குழுக்களில் கிட்டாரிஸ்ட்கள் ஓட்டமாக வாசித்து நிரப்பிய நடு இடம் இங்கே திறந்து கிடந்தது.

2. மூன் தாளத்தைக் கடிகாரம் போலப் பிடித்துக்கொண்டிருக்கும் டிரம்மர் இல்லை. ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத் தட்டுகளில் சீராக எண்ணிக்கொண்டிருக்கும் பழக்கம் அவரிடம் குறைவு. பாடகர் பாடும் வரிக்கு நடுவிலேயே டாம் எனப்படும் மற்ற டிரம்களில் உருண்டு போவார். கிக் டிரம்மோடு சேர்ந்து போ என்ற பாடத்தை இவரோடு வாசிக்கும் பேஸிஸ்ட் அப்படியே கடைப்பிடித்தால் மூச்சு வாங்கிவிடும்.

3. அதனால் பல பாடல்களில் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது டவுன்ஷெண்டின் வலது கைதான். ரிதம் கிட்டார் கடிகாரமாகிவிட்டது, மெட்டும் ஓட்டமும் கீழே இறங்கி பேஸுக்கு வந்துவிட்டன.

அந்த ஷெப்பர்டன் வீடியோவுக்கே இப்போது திரும்பிப் போகலாம். 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' பாட்டில் தொடக்கத்திலிருந்து துடித்துக்கொண்டே இருக்கும் அந்த ஒலி, ஒரு லோரி ஆர்கனை இஎம்எஸ் நிறுவனத்தின் சிந்தசைஸர் வழியாகச் செலுத்திப் பதிவு செய்தது. மேடையில் அது டேப்பிலிருந்து ஓடும், மூன் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டபடி வாசிப்பார். அதாவது தாளத்தை அங்கே ஒரு இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. கார்டுகளை டவுன்ஷெண்ட் பார்த்துக்கொள்கிறார். பேஸ் மட்டும் தனியாகப் பிரிந்த ஒலியில் இந்த இரண்டுமே நமக்குக் கேட்பதில்லை. கேட்காததால்தான் ஏதோ தன் போக்கில் வாசித்துத் தள்ளுகிறார் என்ற எண்ணம் வருகிறது. அந்தப் பிரித்தெடுத்த ஒலி அழகானது, நூறு முறை கேட்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்துப் பழகுகிறவர் தப்பான பாடத்தைத்தான் கற்றுக்கொள்வார்.

கம்பியும் சத்தமும்

இனி ஒலிக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவருடைய விரல்களைவிட அவருடைய ஒலிதான் பின்னால் வந்தவர்களை அதிகம் மாற்றியது என்று நினைக்கிறேன்.

பேஸ் கம்பி என்பது நடுவில் ஓர் எஃகுக் கம்பி, அதன் மேல் சுற்றப்பட்ட இன்னொரு கம்பி. சுற்றும் கம்பி தட்டையாக இருந்தால் அது ஃபிளாட்வவுண்ட்: தொட்டால் வழவழப்பு, மீட்டினால் மழுங்கிய, உருண்டையான ஒலி, சீக்கிரம் அடங்கிவிடும். சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட்: விரல் நுனியில் வரிவரியாக உரசும், மீட்டினால் ஒரு உலோக மினுமினுப்பு, நீண்ட நேரம் ஒலிக்கும். அறுபதுகளின் நடுவரை பேஸிஸ்ட்கள் பெரும்பாலும் ஃபிளாட்வவுண்ட்தான் போட்டார்கள். என்ட்விசில் தேடியது பியானோவின் கீழ்ச் சுரங்களில் கேட்கும் அந்தக் கணகணப்பை. 1966இல் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஹவ்வோடு சேர்ந்து அவர் உருவாக உதவிய ரவுண்ட்வவுண்ட் கம்பிகள்தான் 'ஸ்விங் பேஸ் 66' என்ற பெயரில் இன்றும் கடையில் கிடைக்கின்றன.

இது ஏன் முக்கியம்? கீழ் ஈ கம்பியை மீட்டினால் 41 மட்டும் ஒலிப்பதில்லை. அதன் இரு மடங்கு 82, மூன்று மடங்கு 123, நான்கு மடங்கு 164 என்று மேலே மேலே துணை ஒலிகளும் சேர்ந்தே வருகின்றன. சின்ன ஸ்பீக்கரில், உங்கள் கைபேசியிலும்தான், 41 ஏறக்குறைய வரவே வராது. மேலே இருக்கும் துணை ஒலிகளைக் கேட்டுத்தான் மூளை கீழ்ச் சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. ஃபிளாட்வவுண்டில் இந்தத் துணை ஒலிகள் குறைவு, ரவுண்ட்வவுண்டில் ஏராளம். என்ட்விசில் அதோடு நிற்காமல் டிரெபிளையும் (மேல் ஒலிகளைக் கூட்டும் திருகு) தாராளமாகத் திறந்து வைத்தார். பின்னால் ஒலியையே இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பகுதியைத் தெளிவாக ஒரு ஆம்புக்கும் (ஒலிபெருக்கிக்கும்) மேல்பகுதியைக் கரகரப்போடு இன்னொரு ஆம்புக்கும் அனுப்பினார். அடியும் ஆட்டம் காணாது, நடுவிலும் கிட்டார் இல்லாத குறை தெரியாது.

எதிர்ப்பக்கத்தில் அமெரிக்காவின் மோட்டவுன் இசைப்பதிவு நிறுவனத்தின் பேஸிஸ்ட் ஜேம்ஸ் ஜேமர்சனை வைத்துப் பாருங்கள். தடித்த ஃபிளாட்வவுண்ட் கம்பி, வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அவரைச் சுற்றிலும் கிட்டார்கள், கீபோர்டுகள், தாள வாத்தியங்கள் என்று ஸ்டுடியோவே நிறைந்திருந்தது. அங்கே அந்த மழுங்கிய ஒலிதான் சரி, மற்றவர்களுக்கு இடம் விட்டு அடியில் உட்கார்ந்துகொள்ளும். என்ட்விசிலின் ஒலியை அங்கே கொண்டுபோய் வைத்தால் எல்லாவற்றோடும் மோதும். ஜேமர்சனின் ஒலியை தி ஹூவில் வைத்தால் நடுவில் ஒரு பள்ளம் விழும்.

கை

அவருடைய வலது கையைப் பற்றி ஒரே ஒரு உத்தி போல எழுதுகிறார்கள், உண்மையில் அவரிடம் பல இருந்தன. விரலால் மீட்டினார், பிக் என்ற சிறு தகட்டால் அடித்தார், இடது கையால் தட்டியும் இழுத்தும் சுரம் எழுப்பினார். மிகவும் பேர் வாங்கியது டைப்ரைட்டர் முறை: வலது கையைக் கம்பிகளுக்கு மேலே நிறுத்தி, நான்கு விரல்களாலும் கம்பியைத் தட்டுவது. தட்டும்போது கம்பி ஃபிரெட்டில் (கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) மோதி ஒரு டக் சத்தம் சுரத்தோடு சேர்ந்து வரும். ஒரு விரலுக்கு ஒரு கம்பி என்று வைத்துக்கொண்டால் நான்கு கம்பிக்கும் கையை நகர்த்தாமலே போகலாம், அதனால்தான் தூரத்திலிருந்து பார்த்தால் கை சும்மா இருப்பது போலத் தெரிகிறது.

இன்னொரு விஷயம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சிறு வயதில் அவர் கற்றது பியானோ, அப்புறம் டிரம்பெட், பிரெஞ்சு ஹார்ன். பள்ளி மாணவர்களின் சிம்பொனி இசைக்குழுவில் ஹார்ன் வாசித்தவர், தி ஹூவின் பதிவுகளில் வரும் ஹார்ன் பகுதிகள் பலவும் அவர் ஊதியவை. ஊதும் வாத்தியக்காரர் எங்கே மூச்சு எடுப்பது என்று யோசித்தே ஆக வேண்டும். அவருடைய பேஸ் ஓட்டங்களை வாயால் பாடிப் பார்த்தால் இது தெரியும்: எவ்வளவு வேகமாகப் போனாலும் ஓரிடத்தில் வாக்கியம் முடிகிறது, ஒரு இடைவெளி வருகிறது, அப்புறம்தான் அடுத்தது.

இரண்டு பாடல்கள், கிட்டத்திலிருந்து

முதலாவது 1965 அக்டோபரில் வெளியான 'மை ஜெனரேஷன்'. அதன் அடிப்படை மிக எளிது: ஜி கார்டு, ஒரு முழுச் சுரம் கீழே எஃப் கார்டு, திரும்ப ஜி. பேஸும் கிட்டாரும் இதையே அடித்துக்கொண்டு போகும்போது நடுவில் கிட்டார் ஒரு வரி கேட்கிறது, பேஸ் பதில் சொல்கிறது. ராக் பதிவுகளில் வந்த முதல் பேஸ் தனி வாசிப்புகளில் இது ஒன்று, ஆனால் மொத்தம் சில நொடிகள்தான், அதுவும் துண்டு துண்டாக, பதிலாக. பதில் முடிந்ததும் கை உடனே ஜி-எஃப் அடிக்குத் திரும்பிவிடுகிறது. பாட்டு ஜி-யில் தொடங்கி ஏ, பி ஃபிளாட், சி என்று ஸ்ருதி ஏறிக்கொண்டே போவதால் கேட்பவருக்குக் கால் ஊன்ற இடம் வேண்டும், அந்த இடத்தைக் கொடுப்பதும் இதே பேஸ்தான்.

இந்தப் பதிவுக்காக மெல்லிய கம்பி போட்ட டான்எலக்ட்ரோ பேஸ் வாங்கியதாகவும், கம்பி அறுந்ததும் மாற்றுக் கம்பி கடையில் கிடைக்காததால் திரும்பவும் முழு பேஸையே வாங்க நேர்ந்ததாகவும், கடைசியில் ஃபெண்டர் ஜாஸ் பேஸில் வாசித்து முடித்ததாகவும் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சரியான கம்பிக்காக அடுத்த ஆண்டே ஒரு தொழிற்சாலையோடு சேர்ந்து உழைத்தது ஏன் என்று இதைக் கேட்டால் புரிகிறது.

இரண்டாவது 1973இல் வந்த 'குவாட்ரோஃபினியா' தொகுப்பின் 'தி ரியல் மீ'. ஒரே டேக்கில் வாசித்தது, அதுவும் விளையாட்டாக வாசித்துப் பார்த்தது என்று அவரே சொன்ன பாட்டு இது. கிட்டார் இங்கே கார்டை வெட்டி வெட்டிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, பாடல் முழுக்கப் பேஸ்தான் முன்னால் நிற்கிறது. மேல் ஃபிரெட்களுக்கு ஏறி உருண்டு இறங்குகிறது, டால்ட்ரி வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் சட்டென்று உள்ளே நுழைகிறது. ஒரு முறை டால்ட்ரியின் வரிகளை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள், அடுத்த முறை பேஸை மட்டும். எவ்வளவு அடர்த்தியாக வாசித்தும் பாடகரின் சொற்கள் தெளிவாகவே கேட்கின்றன. விளையாட்டாக வாசித்தபோதே இந்தக் கவனம் கையில் இருந்திருக்கிறது.

பழகுவதற்கு

1. முதலில் 'லைவ் அட் லீட்ஸ்' கேளுங்கள். 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் பதிவானது. அந்தக் கலவையில் பேஸ் ஒரு பக்கம், கிட்டார் மறுபக்கம். இயர்ஃபோனில் ஒரு காதைக் கழற்றினால் கிட்டார் பெருமளவு மறைந்துவிடும், மாற்றிக் கழற்றினால் பேஸ். ஒரே பாட்டை மூன்று முறை: பேஸ் மட்டும், கிட்டார் மட்டும், இரண்டும். கிட்டார் கார்டு அடித்து நிறுத்தும் இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பேஸ் ஓட்டங்கள் எங்கே தொடங்குகின்றன என்று அதே தாளில் குறித்தால் இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து விழும்.

2. ஒரு ஓட்டத்தைக் கையில் எடுக்கும் முன் வாயால் பாடுங்கள். பாட முடியாததை விரலும் வாக்கியமாகச் சொல்லாது. ராக் பேஸ் ஓட்டங்கள் பலவும் மைனர் பென்டடோனிக் என்ற ஐந்து சுர வரிசைக்குள்தான் அமையும். கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு அது சுத்த தன்யாசியின் அதே ஐந்து சுரங்கள், எனவே பாடுவது கஷ்டமே இல்லை.

3. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். மூன்று அடி கார்டின் முதல் சுரம், நான்காவது அடியில் ஒரு சின்ன ஓட்டம், அடுத்த ஒன்றில், அதாவது அடுத்த சுற்றின் முதல் அடியில், திரும்ப அதே முதல் சுரம். முக்கியமானது ஓட்டம் இல்லை, அந்த ஒன்று. எவ்வளவு தூரம் அலைந்தாலும் ஒன்றில் வந்து நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் ஓட்டத்தில் இரண்டு சுரங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

4. டிரெபிளைத் திறந்து வைத்துப் பழகுவது கஷ்டம், ஆனால் செய்து பார்க்க வேண்டியது. வாசிக்காத கம்பிகளின் முனகல், விரல் உரசும் கீச்சு எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். எந்த விரலால் எந்தக் கம்பியை அடக்குவது என்பதைத்தான் பாதி நேரம் பழக வேண்டியிருக்கும்.

5. டைப்ரைட்டர் முறையைக் கடைசியில் வையுங்கள். இடது கையால் எல்லாக் கம்பிகளையும் லேசாக மூடிக்கொண்டு, சுரமே வராமல், வலது கை நான்கு விரலும் சமமாகத் தட்டுகின்றனவா என்று மட்டும் கேளுங்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் பின்தங்கும். எல்லோருக்கும் அப்படித்தான்.

6. அப்புறம் உங்கள் குழுவை எண்ணிப் பாருங்கள். ஒரு கிட்டார், அதிலும் கார்டு அடிப்பவர் என்றால் உங்களுக்கு இடம் நிறைய. இரண்டு கிட்டார், ஒரு கீபோர்டு, அடர்த்தியாக வாசிக்கும் டிரம்மர் என்றால் என்ட்விசிலிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கேட்கும் பழக்கத்தை மட்டும்தான், சுரங்களை ஜேமர்சனிடம் போய்க் கேளுங்கள்.

எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்று

சத்த அளவு. என்ட்விசிலும் டவுன்ஷெண்டும் மாறி மாறிப் பெரிய ஆம்ப் கேட்டதும் மார்ஷல் ஸ்டாக் (ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி மேலே ஆம்ப் வைத்த அமைப்பு) பிறந்ததற்கு ஒரு காரணம். 1976 மே 31 அன்று லண்டனின் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் ஸ்பீக்கரிலிருந்து 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் அளந்தார்கள், கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. பணியிடப் பாதுகாப்புக்கென்று அமெரிக்காவில் பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபல், எட்டு மணி நேரம். அதற்கு மேல் மூன்று மூன்று டெசிபல் கூடக் கூட நேரம் பாதி பாதியாகக் குறையும், 100 டெசிபலுக்கு வரும்போது கால் மணி நேரம்தான். டவுன்ஷெண்டுக்குக் காதில் நிரந்தர இரைச்சல், என்ட்விசிலுக்குக் கேட்கும் திறன் பெருமளவு போய்விட்டது. காது அடைப்பான் இல்லாமல் ஒத்திகை அறைக்குள் போகாதீர்கள், தயவுசெய்து.

அவர் இல்லாத தி ஹூ

2002 ஜூன் 27 அன்று, அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்குவதற்கு முந்தைய நாள், லாஸ் வேகாஸ் ஹோட்டல் அறையில் என்ட்விசில் இறந்துபோனார். வயது 57. சில நாட்களில், ஜூலை 1 அன்று, குழு ஹாலிவுட் பவுல் மேடையில் ஏறியது. பேஸ் வாசித்தவர் பினோ பல்லாடினோ, ஃபிரெட் இல்லாத பேஸில் பெயர் வாங்கியவர், கிடைத்தது சில நாள் அவகாசம்தான். என்ட்விசிலைப் போல வாசிக்க அவர் முயலவில்லை, குறைவாக, கீழே, உருண்டையாக வாசித்தார். அந்தக் காலத்து மேடைப் பதிவு ஏதாவது கிடைத்தால் டவுன்ஷெண்டின் கிட்டாரைக் கவனித்துக் கேளுங்கள். முன்பு கார்டை அடித்துவிட்டு ஒதுங்கிய இடங்களிலெல்லாம் இப்போது அவர் தனியாக வாசிக்கத் தொடங்கியிருப்பார்.